ஆம் பதினான்கு, வேண்டாம் பூஜ்யம்

சைரன் ஒரேயடியாக நிற்பதில்லை, மெல்ல மெல்ல இறங்கி, முனகி, அப்புறம்தான் நிற்கிறது, நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, இதையெல்லாம் விமானத் தாக்குதல் ஒத்திகை அறிக்கையில் எழுத இடமில்லை, படிவத்தில் 'சைரன் கேட்டதா, ஆம் அல்லது இல்லை' என்று மட்டும்தான் இருக்கிறது, ஆம் என்று போட்டுவிடலாம். மணி நான்கு. நாலே கால் வரை மேசைகளுக்கு அடியில் இருக்க வேண்டும். விளக்கை அணைத்தாயிற்று, மின்விசிறிகளையும் அணைத்தாயிற்று, மின்விசிறியை அணைக்கச் சொல்லி சுற்றறிக்கையில் இல்லை என்று பிச்சுமணி அண்ணன் முணுமுணுத்தார், ஆனால் எங்கள் மேலாளர் தனசிங் சார் எதையும் பாதியில் விடமாட்டார், ஷட்டரையும் இறக்கச் சொல்லிவிட்டார், ஆகவே தூத்துக்குடியின் சித்திரை மாத வெயில் முழுவதும் வெளியே நிற்க, அதன் சூடு மட்டும் எங்களோடு உள்ளே இருக்கிறது. கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கிற அலுவலகம் இது, மொத்தம் பதினைந்து பேர், எட்டு மேசைகள், மேசைக்கு இரண்டு பேர், சாருக்கு மட்டும் தனி மேசை. நான் தளப் பொறுப்பாளர். துறைமுகத்திலிருந்து வந்த நான்கு பக்கச் சுற்றறிக்கையை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. வெளிச்சம் தரும் எந்தச் சாதனத்தையும் பயன்படுத்தக் கூடாது என்று அதில் இருந்தது, நான் சாரிடம் போய், சார் அப்படியென்றால் போன்கள், என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இப்போது பதினைந்து போன்களும் ஒரு அட்டைப் பெட்டியில், பெட்டி என் மடியில், என் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அருள்ஜோதி அக்கா.

பெட்டி அவ்வப்போது உறுமுகிறது. யாருடைய போனோ. அதற்குள் என் போனும் இருக்கிறது, உறை கிழிந்த பச்சைப் போன், மேலாகத்தான் இருக்கிறது, கையை விட்டால் வந்துவிடும். ஒரு தொடுதல்தான். அலுவலக வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, மேலே தள்ளி, அந்த ஓட்டெடுப்பில் 'ஆம்' என்பதில் இருக்கும் என் பெயரை ஒரு தொடுதலில் எடுத்துவிடலாம், யாருக்கும் சத்தம் போகாது, அறிவிப்பு வராது, பதினான்கு பதிமூன்றாகிவிடும், யார் எண்ணப்போகிறார்கள். ஆனால் பொறுப்பாளரே போனை எடுத்தால், அதுவும் இந்த இருட்டில் என் முகத்தில் நீல வெளிச்சம் விழுந்தால். அக்கா பார்ப்பாள். அக்கா பார்க்கக் கூடாது என்றுதான் எடுக்கவே நினைக்கிறேன், எடுத்தால் அக்காதான் முதலில் பார்ப்பாள், இதற்குள்ளேயே நாலு நிமிடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நாலு இருக்குமா? கைக்கடிகாரம் இருட்டில் தெரியவில்லை. மேசையின் அடிப்பக்கத்தில் எப்போதோ யாரோ ஒட்டிய சூயிங்கம் என் தலைக்கு நேராக இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது, தலையை உயர்த்தாமல் உட்கார்ந்திருக்கிறேன். அக்காவின் முழங்கை என் விலாவில் பட்டுப் பட்டு விலகுகிறது. அவள் சிரிக்கிறாளா? சிரிக்கிறாள். சாரின் மேசைப் பக்கமிருந்து தும்மல் வந்தது, அதை அடக்கப் பார்த்து அவர் இன்னும் பெரிதாகத் தும்மினார், அதற்குத்தான். "ஏட்டி கனி, குண்டு போட வந்தவன் பயந்து போயிருப்பான்" என்றாள் என் காதில். நானும் சிரித்தேன்.

எங்கள் அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு. சாருக்கு அது ஒரு பழக்கம். நாலு மணிக்கு டீயா பாதாம் பாலா, ஆயுத பூஜைக்கு என்ன நிறச் சேலை, பழைய மின்விசிறியை மாற்றுவதா துடைப்பதா, எதுவானாலும் குரூப்பில் கேள்வி வரும், கீழே இரண்டு பதில் வரும், தட்ட வேண்டியதுதான். அதோடு ஒரு விதியும் உண்டு, யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, நான் சேர்வதற்கு முன்பே இருந்தது. தோற்ற பக்கத்தில் ஓட்டுப் போட்டவர்கள் கேட்டுக்கு வெளியே உள்ள கடைக்குப் போய் எல்லோருக்கும் வடை வாங்கி வர வேண்டும். விளையாட்டுத்தான். ஆனால் அந்தக் கடை கால் மைல் தொலைவு, நிழலே கிடையாது, லாரிகள் உப்புத் தூளையும் கரித் தூளையும் மேலே அப்பிவிட்டுப் போகும். சேலை நிறத்துக்கு நான் ஒருத்தி மட்டும் கிளிப்பச்சை என்று போட்டேன், என் மனதுக்குப் பிடித்தது அதுதான், அன்றைக்கு நடந்து போய் முப்பது வடையோடு திரும்பி வந்தபோது என் செருப்பு தாரில் ஒட்டியது. அதிலிருந்து ஒரு சாமர்த்தியம் கற்றுக்கொண்டேன், எல்லோரும் கற்றுக்கொண்டதுதான், கொஞ்சம் பொறுத்திருந்து, எந்தப் பக்கம் ஐந்தாறு பேர் சேர்ந்தார்களோ அந்தப் பக்கம் தட்டுவது. பதினைந்து பேர் அலுவலகத்தில் எல்லா ஓட்டெடுப்பும் ஏறக்குறைய ஒருமனதாக முடிகிறது. சாருக்கு அதில் பெருமை. நம்ம ஆபீஸ் மாதிரி ஒற்றுமை எங்கயும் பார்க்க முடியாது என்பார்.

பன்னிரண்டு நாளைக்கு முன்பு, சாயங்காலம் ஐந்து ஏழுக்கு, நேரம் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, பிறகு எத்தனையோ தடவை திறந்து பார்த்திருக்கிறேன், குரூப்பில் கேள்வி வந்தது. எல்லையில் பதிலடி கொடுக்கலாமா. ஆம். வேண்டாம். அதற்கு முந்தின வாரம்தான் பஸ்ஸில் போன யாத்ரீகர்களை மறித்துக் கொன்றிருந்தார்கள், எல்லோருக்கும் மனம் கொதித்துத்தான் இருந்தது, எனக்கும்தான், நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்து ஏழுக்கு என் மனதில் யாத்ரீகர்கள் இல்லை. ஒரு முந்திரிக் கண்டெய்னரின் எடைச் சீட்டில் நாற்பது கிலோ உதைத்துக்கொண்டிருந்தது, அதைத் தேடிக்கொண்டே போனைப் பார்த்தேன், ஆம் பக்கம் ஒன்பது பேர், வேண்டாம் பக்கம் யாரும் இல்லை, தட்டினேன், மறுபடி நாற்பது கிலோவுக்குப் போய்விட்டேன். மூன்று நொடி இருக்குமா? நாற்பது கிலோவுக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தேன். மறுநாள் விடியற்காலை விமானங்கள் போயின. டிவியில் அதைச் சொன்னபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன், நுரையோடு அப்படியே நின்றேன், ஐயோ, என்று இருந்தது, என்னமோ எங்கள் குரூப்பில் முடிவு வருவதற்குத்தான் மேலே காத்திருந்தார்கள் என்பதுபோல. கிறுக்குத்தனம். எந்தத் தளபதி எங்கள் குரூப்பில் இருக்கிறார்? என் ஒரு தட்டலால் ஒரு விமானச் சக்கரம்கூட உருளவில்லை, சத்தியம். என் ஓட்டு பூஜ்யம், பிச்சுமணி அண்ணன் ஓட்டு பூஜ்யம், சார் ஓட்டு பூஜ்யம், அடுத்த தெரு பாங்கில் உள்ளவர்கள் பூஜ்யம், ஊர் முழுவதும் பூஜ்யம், இத்தனை பூஜ்யத்தையும் கூட்டினால் எப்படி விமானம் கிளம்புகிறது, அதுதான் எனக்குப் புரியவில்லை. நான் பி.காம்., எனக்குக் கூட்டல் தெரியும். எங்கேயோ ஒரு பூஜ்யம் பூஜ்யமில்லை.

அப்பா வேறு. அப்பாவை நினைக்காமல் இருக்கலாம் என்று பார்த்தேன். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களின் தெரு அது, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட் படிப்பது வரை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள், அதில் எனக்குப் பயம் உண்டு, தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் அப்பா முகம் சுருங்கிவிடும். ஓட்டுப் போட்ட அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா கேட்டார், காலில் உப்புக் கடித்த புண்ணுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "ஏ தாயி, சண்ட போட்டாத்தான் சரியாவுமா? நீ படிச்சவ, சொல்லு." நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தேவைதாம்ப்பா" என்றேன். அவ்வளவுதான். மறுநாள் உப்புப் பாத்தியில் நின்றுகொண்டு அவர், எங்க பிள்ள சொல்லிட்டா, சண்ட தேவைதான், என்று நாற்பது பேருக்குச் சொல்லியிருக்கிறார், முருகன் கோயில் பக்கம் டீக்கடையிலும் சொல்லியிருக்கிறார், படிச்ச பிள்ள சொல்லுது என்று அவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள். மூன்று நொடித் தட்டல் உப்பளம் முழுக்கப் போய்விட்டது. தெரியாதுப்பா, யோசிச்சுச் சொல்லுதேன் என்று சொல்லியிருந்தால் அப்பா முகம் ஒரு நிமிடம் சுருங்கியிருக்கும். ஒரு நிமிடம்தான்.

அங்கேயும் இப்போது யாராவது மேசைக்கு அடியில் இருப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம். அது ஒத்திகையாக இருக்காது. என்னைப் போல ஒருத்தி, எடைச் சீட்டு பார்க்கிறவள், அவர்கள் சாரும் ஓட்டெடுப்பு நடத்துகிற ஆளாக இருந்தால் அவளும் ஒன்பது பேர் சேர்ந்த பக்கம் தட்டியிருப்பாள், அப்படியானால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி, ஒருத்தர் தலையில் ஒருத்தர் குண்டு போட்டுக்கொண்டிருக்கிறோம், வெயிலுக்குப் பயந்து. தோற்றால் அவர்கள் என்ன வாங்கி வர வேண்டும்? வடை இருக்காது. என்ன சாப்பிடுவார்கள் நாலு மணிக்கு? எனக்குத் தெரியவில்லை. அவர்களைக் குண்டு போட்டு அடிக்கலாம் என்று தட்டினவளுக்கு, அவர்கள் நாலு மணிக்கு என்ன சாப்பிடுவார்கள் என்று தெரியவில்லை.

"என்னட்டி, பெருமூச்சு விடுத? கரப்பானா?" என்றாள் அக்கா. இல்லை என்று தலையாட்டினேன், இருட்டில் எப்படித் தெரியும். அவள் பதினோரு நாள் கழித்து இன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தார், விடுமுறைக்கு வந்தவரைப் பாதியில் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள், அவரைக் கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு, அப்படியே மாமியாருக்குத் துணையாக அங்கேயே இருந்துவிட்டாள். விமானங்கள் போன அன்றைக்குக் காலையில்தான் அவர் ரயில். ஓட்டெடுப்பு நடந்தபோது அவள் அங்கே அவர் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்திருப்பாள், அதனால்தான் பதினைந்து பேரில் பதினான்கு. பதினோரு நாளில் நான் அவளுக்கு ஒரு போன் செய்யவில்லை. என்ன கேட்பது? தட்டச்சு செய்தேன், அழித்தேன், கடைசியில் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பினேன், அவளும் திரும்ப ஒரு கைகூப்பு அனுப்பினாள். என் மதியச் சோற்றில் பாதி அவளுடையது, இரண்டு வருடமாக, ஊறுகாய் எடுத்துக்கொண்டு கருவாட்டுப் பொரியலைத் தள்ளிவிடுவாள். காலையில் அவள் உள்ளே வந்ததும் சார், "வா ஜோதி, அந்தத் தேக்கு ஃபைல் கிடந்து சாவுது" என்றார். பிச்சுமணி அண்ணன் தலையை ஆட்டினார். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். இந்தப் பெட்டியில் போனைப் போடும்போது அவள் சொன்னாள், "குரூப்பத் தெறந்தே நாளாச்சுட்டி, முடிஞ்சதும் எல்லாத்தையும் உக்காந்து பாக்கணும்." அதைக் கேட்ட பிறகுதான் என் போனை மேலாக வைத்தேன்.

பெட்டி மறுபடி உறுமியது. இப்போது எடுத்தால். பேருக்கு ஒரு போனை அணைப்பதுபோல எடுத்து, குனிந்து, துப்பட்டாவால் மூடிக்கொண்டு. என் கை உள்ளே போய்விட்டது, உறையின் கிழிசல் விரலில் படுகிறது. எடுத்துவிட்டால் அக்கா பட்டியலைப் பார்க்கும்போது பதிமூன்று பெயர் இருக்கும், நான் இருக்கமாட்டேன், ஏட்டி நீ மட்டும் போடலையே என்று என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளுவாள், அப்போது நான் என்ன முகம் வைத்துக்கொள்வேன்? அதற்குப் பிறகு அவள் தருகிற கருவாட்டை எப்படித் தின்பேன்? கையை வெளியே எடுத்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அக்கா."

"ம்."

"குரூப்ல ஒரு ஓட்டு நடந்துச்சு. சண்டைக்குப் போலாமான்னு. நான் ஆம்னு போட்டுருக்கேன். யோசிக்கவே இல்லக்கா. வடைக்குப் பயந்து போட்டேன்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் தலையில் வைத்திருந்த பிச்சிப் பூவின் வாசம் மட்டும் வந்தது. பிறகு அவள் தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று எனக்கு உயிர் போய்விட்டது, ஆனால் அது சிரிப்பு, பாதிக்கு மேல் சிரிப்புத்தான். "பாத்தேம்ட்டி. மறுநாளே பாத்தேன், பிளாட்பாரத்துல வச்சு. அவியளும் பாத்தாவ."

"உங்க வீட்டு அண்ணனுமா?"

"தோளுக்கு மேல எட்டிப் பாத்துட்டாவ. என்ன சொன்னாவ தெரியுமா? 'பதினாலு பேரும் வாராவளா ஜோதி? நான் முன்னாடி போயி எடம் புடிச்சு வைக்கவா?'ன்னு. ஒனக்கு சன்னல் ஓரம் வேணுமான்னு கேக்கச் சொன்னாவ. கேக்க மறந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி அடக்குவது என்று தெரியாமல் தலையை நிமிர்த்தி சூயிங்கத்தில் இடித்துக்கொண்டேன். அப்படியானால் பெட்டியில் போனைப் போடும்போது அவள் சொன்னது, குரூப்பைத் திறந்தே நாளாயிற்று என்றது? "சும்மா சொன்னேன்" என்றாள் அக்கா, "எவளாவது, எவனாவது, பேர அழிக்காவளான்னு பாப்போம்னு." பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு விரல்கடை தூரத்தில் தப்பியிருக்கிறேன். இல்லை, தப்பவில்லை, பெயர் அங்கேயேதான் இருக்கிறது, அழிக்காததால் மட்டும் அது நல்லதாகிவிடாது. "இப்ப மாத்திரட்டுமாக்கா?" என்றேன். "எங்கிட்ட ஏன்ட்டி கேக்க, நான் என்ன கவர்மெண்டா?" அவள் குரலில் சிரிப்பு இல்லை. அவளிடம் கேட்டது தப்பு. அவளிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டால் எனக்கு நிம்மதியாகிவிடும், அவ்வளவுதான் அதனால் நடக்கும். பதினான்கு பேர் பார்க்கத் தட்டியதை ஒருத்தி காதில் கிசுகிசுத்துத் திருப்பி வாங்க முடியாது.

எல்லோரும் மேசைக்கு அடியில் இருந்தார்கள், யார் முகமும் தெரியவில்லை, முகம் தெரிந்திருந்தால் என்னால் முடிந்திருக்காது. "சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "சார், அன்னைக்கு அந்த எல்லை விஷயத்துக்கு ஓட்டுப் போட்டோம்ல. நான் யோசிக்காமப் போட்டேன். என் ஓட்ட வேண்டாம்னு மாத்துதேன். எல்லாருக்கும் தெரியட்டும்னு சொல்லுதேன்."

சாரின் மேசையிலிருந்து, "கனி, ஒத்திகையில பேசக் கூடாதுன்னு நீதானம்மா படிச்சுக் காட்டுன."

"ஆமா சார். பேசக் கூடாதுதான் சார்."

"அவ யோசிக்காமப் போட்டா," என்றார் பிச்சுமணி அண்ணன் சுவரோர மேசையிலிருந்து, "நான் யோசிச்சுத்தான் போட்டேன். பஸ்ஸுல வச்சுக் கொன்னானுவளே, அந்தச் சின்னப் பிள்ள போட்டோவப் பாத்துட்டு நாலு நாள் எனக்குச் சோறு எறங்கல. நான் மாத்தமாட்டேன்."

"மாத்தச் சொல்லலண்ணே" என்றேன். அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது, அவரிடமாவது ஒரு காரணம் இருக்கிறது, அந்தப் பிள்ளைக்காக அவர் தட்டியிருக்கிறார், அவரோடு நான் சண்டை போட வேண்டுமென்றால் நான் நிறையப் படிக்க வேண்டும், இன்னும் நாலு பக்கம் அல்ல, நானூறு பக்கம். "அப்ப அந்தப் பக்கத்துல இப்பம் சாவுத பிள்ளைக்கு?" என்று யாரோ கேட்டார்கள், யார் என்று தெரியவில்லை. "அதுக்கு நாம என்ன செய்ய முடியும்?" என்றது இன்னொரு மேசை. "நாமதான டாண்ணு தட்டுனோம்?" என்றது அதே மேசையின் மறு பாதி. "நான் சார் போட்டாருன்னு போட்டேன்" என்று ஒரு குரல். "ஏய், நான் நீங்கல்லாம் போடுவீங்கன்னுல்லா போட்டேன்" என்றார் சார், உண்மையிலேயே அதிர்ந்துபோய், அதற்கு எல்லா மேசைகளும் சேர்ந்து சிரித்தன, தேக்கு ஃபைல் எங்கேயோ சரிந்து விழுந்தது. "ஒருத்தர் ஒருத்தராப் பேசுங்கப்பா" என்றார். இரண்டு வருடத்தில் இந்த அலுவலகத்தில் இரண்டு பேர் வேறு வேறாகப் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை, அதற்கு எங்களை இருட்டில் தரையில் உட்காரவைக்க வேண்டியிருந்தது.

அப்போது சைரன் ஊதியது. இது ஆபத்து நீங்கியதற்கான சைரன், ஏற்ற இறக்கம் இல்லாமல், நீளமாக, ஒரு நிமிடம் முழுக்க. சுற்றறிக்கைப்படி நான் எழுந்து நின்று, எல்லோரும் வெளியே வரலாம் என்று மூன்று முறை சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. யாரும் வரவுமில்லை, ஒரு கால்கூட மேசைக்கு வெளியே நீளவில்லை. சைரன் அடங்கியதும் பிச்சுமணி அண்ணன் தொண்டையைக் கனைத்தார், அவர் குரல் இறங்கியிருந்தது. "எம்மா ஜோதி, நாங்க பாட்டுக்குப் பேசுதோம். ஒன் வீட்டுக்காரருல்லா அங்க நிக்காரு. நீ என்னம்மா சொல்லுத?"

அக்கா முழங்காலைக் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். "இதக் கேக்க ஒங்களுக்குப் பதினோரு நாளாயிருக்கு, என்னண்ணே" என்றாள்.

பெட்டியை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தேன். "சொல்லுங்கக்கா" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"சொல்லுதேன்" என்றாள் அருள்ஜோதி அக்கா, காலை நீட்டி, மேசைக் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. "கொஞ்சம் நேரமாவும். பரவாயில்லையா?"

"பரவாயில்லம்மா" என்றார் சார், மேசைக்கு அடியிலிருந்து.